முதுகில் தைத்த முகம்

ஷாங்காய்
1934 ஜூன் 13

தம்பி ஷௌரென்,

'சாமி' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை மறுக்கிறது. கோபம் தணிந்த பிறகு அப்படி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் பூசைக்கு நம் ஊர்க் கோவிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மடத்துத் தையல்கூடத்தில் விடுப்புக் கேட்டு, மதர் க்ளோத்தில்த் முகத்தைச் சுளித்ததையும் பொறுத்துக்கொண்டு, கோழிக்கூண்டுகள் ஏற்றிய படகில் இடம் பிடித்து வந்தேன். மணி அடித்தது. நீ பின்னறையிலிருந்து வந்தாய். உன் மேல் இருந்தது பங்குக் கோவிலின் பழைய பூசை உடுப்பு. பழுப்பேறி, தோள்பட்டையில் பூச்சி அரித்து, யாரோ கறுப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

நான் தைத்தது எங்கே?

பக்கத்தில் இருந்த மீன்காரி என் காதில் கேட்டாள்: "ஏம்மா, தம்பிக்கு மூணு வருசமா நீ தச்சேன்னு சொன்னது இதுதானா? பூச்சி அரிச்சிருக்கே?"

நீ குருப்பட்டம் பெறுவதற்கு முந்தின நாள் என் கையாலேயே பெட்டியைக் கொடுத்தேன். திறந்தாய், பார்த்தாய், மூடினாய். "நல்லா இருக்கு அக்கா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நானும் பைத்தியக்காரி மாதிரி, கண் கலங்கிப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அரிசி கழுவிய நீரில் கையை ஊறவைத்து, பட்டு இழை தோலில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு தைத்தது அது. பாத்திரம் தேய்த்தால் விரல் சொரசொரக்கும் என்று, என் முறைக்கு மற்றவர்கள் தேய்த்தார்கள். முதுகில் வரும் மாதா முகத்துக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. ஓர் இழையைப் பிரித்துப் பிரித்து, மூச்சு விட்டால் பறந்துவிடும் அளவுக்கு ஆக்கித் தைத்தேன்.

பூசை முடிந்ததும் முற்றத்தில் பட்டாசு. நடுவில் நாற்காலி போட்டு, நம்மைப் பெறாத பெரியவள் உட்கார்ந்திருந்தாள். பட்டம் கொடுக்கும்போது உன் கைகளில் எண்ணெய் பூசிக் கட்டிய துணியை அவள் மடியில் வைத்தாய். குருவானவரைப் பெற்றவளுக்குப் போக வேண்டிய துணி அது. கோவில் உபதேசியார் ஹே சொன்னார்: "பெத்த வயிறு குளிர்ந்துடுச்சு இன்னைக்கு!" அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

அதனால்தான் சாப்பிடாமல் கிளம்பினேன். வயிற்றுவலி என்று உன்னிடம் சொன்னவன் பொய் சொன்னான்.

தையலில் குறை இருந்தால் சொல். இல்லையென்றால் காரணம் சொல்.

யூன்ஃபாங்


லூகாங் பங்கு
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

தையலில் குறை இல்லை. குறை இருந்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதுகில் மாதாவின் முகம் என்று நீ தைத்திருப்பது யாருடைய முகம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சின்னம்மா செத்தபோது எனக்கு ஐந்து வயது. அவள் முகம் மறந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் நினைவு வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல அப்போது எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பார். சின்னம்மா அப்பாவின் இரண்டாந்தாரம். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவள். அவளை மாதாவாக்கி என் முதுகில் ஏற்றிப் பீடத்துக்கு அனுப்பப் பார்த்தாய். இது முறையா?

இன்னொன்றும் இருக்கிறது. அதை நேரடியாகவே எழுதுகிறேன். என்னைக் குருமடத்தில் சேர்த்தபோது அப்பா பெரியம்மாவைத்தான் என் தாய் என்று சொன்னார். வீட்டிலும் நம்மைப் பெரியம்மாவை 'அம்மா' என்றும் பெற்றவளைச் 'சின்னம்மா' என்றும்தானே கூப்பிட வைத்தார்கள். இந்த நாட்டு வழக்கத்தில் அது பொய்யும் இல்லை. எந்தப் பிள்ளையும் மூத்தாள் பிள்ளைதான். ஆனால் திருச்சபைச் சட்டம் வேறு. கலியாணக் கட்டுக்கு வெளியே பிறந்தவன் பட்டம் கொடுக்கும் மேற்றிராணியாரிடம் அதைச் சொல்லி விலக்கு வாங்காமல் குருவாகக் கூடாது. நான் வாங்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், எவரும் பேசுவதில்லை.

நீ தைத்த முகத்தை நான் நம் ஊர்க் கோவிலில் போட்டுக்கொண்டு நின்றிருந்தால், கிழவிகள் அத்தனை பேரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார்கள். மாலைக்குள் பேச்சு ஆற்றைத் தாண்டியிருக்கும். அதை நீ நினைக்கவில்லையா? நினைத்தும் செய்தாயா?

உன் தம்பி,
லூக்காஸ் ஷௌரென்


ஷாங்காய்
ஜூன் 27

வணக்கத்துக்குரிய லூக்காஸ் சாமியார் அவர்களுக்கு,

நினைத்துத்தான் செய்தேன்.

முறையா என்று கேட்கிறீர்கள். எங்கள் தையல்கூடத்தில் மாதா முகத்துக்கு மாதிரியாக ஓர் அச்சுப் படம் வைத்திருக்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்தது. மஞ்சள் முடி, நீலக் கண். அது யார் தெரியுமா? மதர் க்ளோத்தில்த் பெருமையாகச் சொல்லுவார்: படம் வரைந்தவர் தன் தெருவில் ரொட்டி சுடுகிறவன் மகளை உட்காரவைத்து வரைந்தாராம். "எவ்வளவு சாந்தமான முகம் பார், அகத்தா!" அந்த ரொட்டிக்காரன் மகளை எத்தனை குருக்கள் முதுகில் தைத்து அனுப்பியிருக்கிறேன்! அவள் எப்படி வாழ்ந்தாள், எப்படிச் செத்தாள் என்று எந்தச் சாமியாராவது கேட்டாரா? அவள் மாதாவாகலாம். நம்மைப் பெற்றவள் ஆகக் கூடாது.

'ஞானஸ்நானம் பெறாமல் செத்தவள்.' எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய் ஷௌரென்! அவளுக்குத் தண்ணீர் பிடிக்காது போல எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திடீரென்று செத்தாள், ஒரே ராத்திரியில் போய்விட்டாள் என்று. நீ குருமடத்தில் இருந்த வரைக்கும் கடிதங்களைப் பிரித்துப் படித்துத்தான் உன்னிடம் கொடுத்தார்கள். அதனால் நான் எழுதவில்லை. இப்போது யாரும் பிரிக்க மாட்டார்கள். கேள்.

அவள் திடீரென்று சாகவில்லை. காய்ச்சலில் பல நாள் கிடந்தாள். உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, நான்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோவிலுக்குள் அவளை விட்டதில்லை. ஆனாலும் நாம் சொல்லிச் சொல்லி எல்லாச் செபமும் அவளுக்கு மனப்பாடம். ஹே உபதேசியாரைக் கூட்டிவரச் சொன்னாள். ஓடிப் போய்க் கூட்டிவந்தேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"தண்ணி ஊத்துங்க ஐயா" என்றாள்.

"இந்த வீட்டை விட்டுப் போறியா? போனா ஊத்தறேன்."

"எங்க போவேன்? எழுந்திரிக்கவே முடியலையே."

"அப்ப முடியாதும்மா. சட்டம்."

பெரியவள் கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

அவளைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, நாணல் பக்கம் புதைத்தார்கள். அடுத்த வருஷமே பெரியவள் என்னை மடத்தில் கொண்டுவந்து விட்டாள். "புள்ள கை வேலைக்காரி, உங்களுக்கு உதவும்" என்றாள். அன்றிலிருந்து திராட்சைக் குலை தைக்கிறேன். திராட்சை ரசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோதுமைக் கதிர், ஆட்டுக்குட்டி, புறா. பொன்னிழையைப் படியவைத்துச் சிவப்பு நூலால் பிடித்துப் பிடித்து என் கண்ணில் பாதி போய்விட்டது.

அவள் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஞாபகத்தில் இருந்ததை இழை இழையாக எடுத்து வைத்தேன். உள்ளே விடாதவளை நீயாவது தூக்கிக்கொண்டு போவாய் என்று நினைத்தேன். நீ ஒட்டுப் போட்ட உடுப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டாய்.

அகத்தா தாவ் யூன்ஃபாங்


லூகாங்
ஜூலை 5

அக்கா,

நீ அப்போது சிறுமி. துக்கத்தில் பலதும் மாறித் தெரியும். ஹே உபதேசியார் நேர்மையான மனிதர். என்னை முதன்முதலில் செபம் சொல்ல வைத்தவர் அவர்தான். அவரைப் பற்றி இப்படி எழுதாதே.

நல்ல பட்டை வீணாக்க மனமில்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உடுப்பை மதர் க்ளோத்தில்த்துக்கு அனுப்பிவிட்டேன். முகபாவம் பூசைக்குப் பொருந்தவில்லை, அந்த அச்சுப் படத்தைப் போல மாற்றித் தர வேண்டும் என்று மட்டும் எழுதினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் பிரித்து மறுபடி தைத்துவிடு. அதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

ஷௌரென்


ஷாங்காய், பழைய நகர்
ஜூலை 19

ஷௌரென்,

மேலே விலாசத்தைப் பார். மடம் இல்லை. மணப்பெண் பாவாடை தைக்கும் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே நாள் முழுக்க மாமியார்களின் சண்டை. இங்கே கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சிவப்பு வேண்டும், ஃபீனிக்ஸ் பறவை வேண்டும், பறவைக்கு வால் பெரிதாக வேண்டும். தைத்துக் கொடுக்கிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்த அன்று மதர் என்னை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். உடுப்பைத் தையல் சட்டத்தில் விரித்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் நம் பேச்சு நன்றாகவே வந்துவிட்டது அவருக்கு.

"அகத்தா, இந்த முகத்தப் பிரிச்சு எடு."

"முடியாது மதர்."

"ஏன் முடியாது?"

"தப்பா எதுவும் இல்லையே. இது மாதா."

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், தையல் தெரிந்தவர். "வேலை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இவ எதையோ கேக்கற மாதிரி பாக்கறா. மாதா யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டா."

"அப்ப அவங்க ரொம்ப வசதியா இருந்திருக்காங்க மதர்."

மதரின் காது சிவந்தது. கத்தரிக்கோலை எடுத்து என் பக்கத்துச் சட்டத்து மெய்யிங்கிடம் நீட்டினார்.

"நீ பிரி."

"எனக்குக் கை நடுங்குது மதர்" என்றாள் மெய்யிங். அவள் கை என்றைக்கும் நடுங்கியதில்லை.

அடுத்தவளிடம் நீட்டினார். அவளுக்குக் கண் மங்குகிறதாம். அதற்கடுத்தவளுக்குத் தும்மல் வருகிறதாம், பட்டில் பட்டுவிடுமாம். கடைசியில் அவரே கோலை வைத்துக்கொண்டு குனிந்தார். நான் உள்ளங்கையை முகத்தின்மேல் வைத்தேன்.

"வெட்டுங்க" என்றேன்.

வெட்டவில்லை. கோலைக் கீழே வைத்தார். "உன் தம்பி பங்குச் சாமியார். அவர் கேட்டதைத்தான் நான் சொல்றேன். எனக்கு இதுல என்ன லாபம்?"

அந்த இடத்தில்தான், ஷௌரென், எனக்குப் பொறுக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். முகத்துக்கு உரியவள் வயிற்றில் பிறந்தவன் அதைத் தபாலில் அனுப்பியிருக்கிறான்.

உடுப்பைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். "இதோட வெளிய போனா திரும்ப வராத" என்றார் மதர். மடித்து மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் நுழைந்த வாசல் அது. வேறெங்கும் வாழத் தெரியாதவள் நான். தெருவில் டிராம் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கக்கூடத் தெரியவில்லை. ஒருவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டுத் திட்டிவிட்டுப் போனான்.

நீ கேட்ட வேலை முடியவில்லை, ஷௌரென். முகம் அப்படியே இருக்கிறது.

என் ஞாபகம் தப்பு என்று எழுதினாயே. ஹே உபதேசியார் உன் பங்குக்குள்தானே இருக்கிறார்? நேரில் கேள். தைரியம் இருந்தால் கேள்.

யூன்ஃபாங்


லூகாங்
செப்டம்பர் 2

அக்கா,

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதம் பதில் எழுதவில்லை. முதலில் கோபம். உன்மேல்தான். பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் பரலோக மாதா திருநாள் முடிந்த வாரம், உப்புப் படகு வைத்திருக்கும் யாங் என்பவன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவனுடைய சின்ன வீட்டுக்காரி சாகக் கிடக்கிறாள், ஞானஸ்நானம் கேட்கிறாள் என்று. நம் ஊருக்குப் பக்கத்துக் கால்வாய்தான். ஹே உபதேசியாரும் என்னோடு வந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இவ ரெண்டாந்தாரம். இவளுக்கு ஊத்தினா ஊர்ல ஒவ்வொருத்தனும் ரெண்டு கட்டிக்கிட்டு வந்து நிப்பான்."

நான் உள்ளே போனேன். சிறு பெண். கஞ்சிகூட இறங்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டேன்: பிழைத்தால் அவனை விட்டுத் தனியாக வாழ்வாயா?

"பிழைச்சாத்தானே சாமி" என்றாள். பிறகு, "சரி, இருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. ஊற்றிவிட்டேன். சாகும் ஆபத்தில் கிடப்பவளிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு வாக்குறுதிதான். எழுந்து நடந்து வீட்டை விட்டுப் போய்க் காட்ட வேண்டியதில்லை. குருவானவர் கிடைக்காவிட்டால் உபதேசியாரே ஊற்றலாம். குருமடத்தில் முதல் வருஷமே படித்தது. அவள் நெற்றியைத் துடைத்தபோதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. 'எழுந்திரிக்கவே முடியலையே.'

திரும்பி வரும்போது படகில் கேட்டேன்.

"எங்க சின்னம்மா உங்ககிட்ட ஞானஸ்நானம் கேட்டாங்களா?"

அவர் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டாங்க சாமி."

"அப்பவும் இந்தச் சட்டம் இருந்துச்சே. ஏன் ஊத்தல? ஏன் சாமியாரைக் கூப்பிடல?"

"பெரியம்மா வேண்டாம்னாங்க. அவங்க குடுத்த நெலத்துலதான் நம்ம கோவிலே நிக்குது. நான் என்ன செய்ய?"

படகை நம் வீட்டுத் துறைக்குத் திருப்பச் சொன்னேன். பெரியம்மா முற்றத்தில் வாத்து முட்டைக்கு உப்பு மண் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, 'சாமி வந்துட்டாரு' என்று கையைக் கழுவப் போனாள். நின்றுகொண்டே கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஆமா, நான்தான் வேண்டாம்னேன். எனக்குப் புள்ள இல்லேன்னு அவளைக் கொண்டுவந்தாரு. புருசன்ல பாதி குடுத்தேன். வீட்ல பாதி குடுத்தேன். அவ பெத்ததுக்கு என் பேரைக் குடுத்தேன். எல்லாம் போக எனக்குன்னு இருந்தது மோட்சம் ஒண்ணுதான். அங்கயும் வந்து அவ என் பக்கத்துல உக்காரணுமா?"

உடம்பெல்லாம் நெருப்பாக இருந்தது. கையை ஓங்கிவிடுவேனோ என்று பயந்து படகுக்குத் திரும்பிவிட்டேன். இன்றுவரை அந்த நெருப்பு அணையவில்லை. திருச்சபை சின்னம்மாவை மறுக்கவில்லை அக்கா. ஒரு முற்றத்தில் இரண்டு பேர் பேசி மறுத்தார்கள். இத்தனை வருஷம் அதை ஆண்டவர் சட்டம் என்று நான் மரியாதை செய்துகொண்டிருந்தேன்.

யாங் வீட்டுப் பெண் பிழைத்துவிட்டாள். வாக்குறுதிப்படி தன் அக்கா வீட்டுக்குப் போய் வாத்து மேய்க்கிறாள். யாங் தினமும் படகில் போகும்போது கோவில் பக்கம் பார்த்து என்னைத் திட்டுகிறான்.

உடுப்பை அனுப்பு. போட்டுக்கொண்டு சின்னம்மாவுக்காகப் பூசை வைக்கிறேன். மரித்தவர்களை நினைக்கும் இடத்தில் பெயர் சொல்ல வேண்டும். அவள் பெயர் என்ன? எனக்கு இதுவரை தெரியாது.

ஷௌரென்


ஷாங்காய், பழைய நகர்
செப்டம்பர் 10

தம்பி,

அவள் பெயர் மோ ஷிங்னியாங். மோ அவள் பிறந்த வீட்டுப் பெயர். நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் தலை பின்னிவிடும்போது சொன்னாள்.

உடுப்பை இப்போது அனுப்ப மாட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் ஆள் வருவதற்குள் ஒரு பூசை வைத்து, மடித்துப் பெட்டிக்குள் வைப்பாய். உன் நெருப்பு அணைந்துவிடும். அதற்காகவா நான் தைத்தேன்? உயிரோடு இருந்தபோது பின்கட்டில் இருந்தாள். செத்த பிறகும் பின்னறையில் வைக்கப் பார்க்கிறாய்.

முதலில் மேற்றிராணியாரிடம் போ. யார் வயிற்றில் பிறந்தாய் என்று சொல். அதன் பிறகும் அவர்கள் உன்னைக் குருவானவனாக வைத்திருந்தால், நம் ஊர்க் கோவிலில், திருநாளில், எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள். வைத்திருக்காவிட்டால் இங்கே வா. கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள். மாமியார்களைச் சமாளிக்கப் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகியவன்தான் சரி.

அக்கா


லூகாங்
டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. நேற்று அமலோற்பவ மாதா திருநாள். நம் ஊரில் பூசை வைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பரில் மேற்றிராணியாரிடம் போனது உனக்குத் தெரியும். அவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். "பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி சொல்ல வாய் இல்லையா?" என்றார். விலக்கு வரும்வரை பூசை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இலையுதிர் காலம் முழுக்கப் பங்கு மாட்டுத் தொழுவத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பேசியது. யாங் மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டான், பரிதாபப்பட்டானோ என்னவோ. போன மாதக் கடைசியில் விலக்கு வந்தது. கூடவே மேற்றிராணியார் கைப்பட ஒரே வரி: 'இனிமேல் உன் தாயார் பெயரைச் சரியாகச் சொல்.'

கோவிலில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் மாதாவுக்காக வந்தவர்கள், மீதிப் பேர் வேடிக்கைக்காக. பின்னறையில் ஹே உபதேசியார்தான் உடுப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. "சாமி, வேண்டாமே" என்றார். "மாட்டுங்க" என்றேன். மாட்டினார். அவர் விரல் என் தோளில் பட்டதே தெரியவில்லை.

அவள் செத்தபோது நம் இருவருக்கும் துக்க வெள்ளை உடுத்த விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நேற்று நான் தலை முதல் கால் வரை வெண்பட்டு.

பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்த்து நிற்கிறவன். ஊருக்குத் தெரிவது என் முதுகு. எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. முதலில் கிழவிகள் பக்கம் முணுமுணுப்பு. ஒருத்தி, "ஐயோ, அவதான்!" என்றாள். என் முதுகிலிருந்து சின்னம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரித்தவர்களை நினைக்கும் இடத்தில் மனதுக்குள்தான் பெயரைச் சொல்வது வழக்கம். நான் வாய்விட்டுச் சொன்னேன். மோ ஷிங்னியாங். மறுபடியும் சொன்னேன். அது விதிப்படி தவறு. அதற்கும் திட்டு வாங்கிக்கொள்வேன்.

பெரியம்மா முதல் வரிசையில் இருந்தாள். பீடத்தடிக்கு நன்மை அப்பம் வாங்க வரவில்லை. எழுந்து போகவும் இல்லை. எல்லோரும் போன பிறகு கோலை ஊன்றிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். உடுப்பைக் கழற்றி மேஜையில் விரித்திருந்தேன். கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அழுவாளா, கத்துவாளா, அதன்மேல் துப்புவாளா என்று எதுவும் தெரியாமல் நின்றேன்.

"கண்ணு தப்பு" என்றாள். "அவளுக்கு இவ்வளவு பெரிய கண்ணு இல்ல. சின்னக் கண்ணு. உங்க அக்காகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை. சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

மதர் க்ளோத்தில்த் எனக்கு எழுதியிருந்தார். உன் தையல் சட்டத்தை யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

உன் தம்பி,
ஷௌரென்


ஷாங்காய், பழைய நகர்
டிசம்பர் 16

சாமி,

'சாமி' என்று இன்று எழுத வருகிறது.

மதருக்கு என் வணக்கத்தைச் சொல். அந்தச் சட்டத்தை மெய்யிங்குக்குக் கொடுக்கச் சொல். வருஷப் பிறப்புக்குள் எனக்கு ஆறு மணப்பெண்கள் இருக்கிறார்கள். நான் வர மாட்டேன்.

பெரியவளிடமும் ஒன்று சொல். நீயே போய், அவள் காதில் விழும்படி சொல். கண் சரியாகத்தான் இருக்கிறது. நம்மைப் பெற்றவள் மடியில் படுத்துக்கொண்டு கீழேயிருந்து நான் பார்த்த கண் அது. அந்த வீட்டில் பெரியவள் முன்னால் அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதன் அளவு பெரியவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா